பின்னால் வருவது காதுக்குத் தெரியவில்லை: சைக்கிளில் போகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கல்லடி சைக்கிள் திருத்துநர்:

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்புக் கல்லடியில் 34 வருடங்களாகச் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். ஒரு விடயத்தில் உங்கள் அனுபவம் எனக்கு வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

சென்ற மாதம் ஒரு விடியற்காலை, கடை வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் மீன் கொண்டுவரும் பெரியவரின் சைக்கிளை அவருடைய மகன் தோளில் சுமந்துகொண்டு வந்தான். உருட்டிக்கொண்டு வர முடியாத நிலை. பின்சில்லின் ரிம் நெளிந்து சட்டத்தோடு சிக்கியிருந்தது. 40 கம்பிகளில் 4 முறிந்திருந்தன. மீன்பெட்டி கட்டும் கரியர் இடப்பக்கம் சாய்ந்து, அதில் கட்டியிருந்த கயிறு அறுந்து தொங்கியது. பெரியவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு நா எழவில்லை.

நல்ல வேளை, காறை எலும்பில் ஒரு வெடிப்போடு தப்பிவிட்டார். மாலையில் பார்க்கப் போனேன். கையைத் துணியால் கழுத்தோடு கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "தம்பி, ஒழுங்கைக்குள் திரும்புவதற்கு முன் நான் எப்போதும் காதைக் கொடுப்பேன். அன்றும் கொடுத்தேன். பஸ் இல்லை, மோட்டார் சைக்கிள் இல்லை, ஒன்றுமே இல்லை. வலப்பக்கம் வெட்டினேன். அடுத்த கணம் என் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு காரின் கதவு நிற்கிறது" என்றார். அந்தக் கார் மின்சாரக் கார். ஓட்டியவர் வேகமாக வரவில்லை. உடனே நிறுத்தி, தன் காரிலேயே அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோயிருக்கிறார், சில்லுக்கான செலவையும் கொடுத்திருக்கிறார். அவர் மீது எனக்குக் கோபம் கிடையாது. தலையைத் திருப்பிப் பார்க்காதது பெரியவரின் பிழைதான், அவரே அதை ஒப்புக்கொள்கிறார். ஆனால் 50 வருடங்கள் ஒரு மனிதரைக் காப்பாற்றிய பழக்கம் ஒரு காலைப் பொழுதில் கைவிட்டது எப்படி என்று அன்றிரவு முழுவதும் யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

என் தொழிலே பாதி காதால் நடப்பது. சில்லு நேராக்கும்போது கம்பியை விரலால் சுண்டுவேன். இறுகிய கம்பி கணீரென்று பேசும், தளர்ந்தது மந்தமாகப் பேசும். கடைக்கு வருகிறவர் குறை சொல்வதற்கு முன்பே, மிதிக்கும் சத்தத்தில் நடு அச்சின் குண்டுகள் தேய்ந்திருப்பது தெரிந்துவிடும். வீதியிலும் அப்படித்தானே போகிறோம்? கண்ணாடி இல்லாத சைக்கிளில் முதுகுக்குக் கண் காதுதான். அக்கரைப்பற்று பஸ் வருகிறதா, நெல் ஏற்றிய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வருகிறதா, முச்சக்கர வண்டி வருகிறதா, அது எவ்வளவு தூரத்தில், ஒதுங்க வேண்டுமா, திரும்ப இடமிருக்கிறதா என்று திரும்பாமலே தெரியும். 1924 இல் திறந்த பழைய கல்லடிப் பாலம் மட்டும் இருந்த நாட்களில், ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள்தான் போகலாம். அந்தப் பக்கத்து வரிசை முடிந்துவிட்டதா என்பதை நாங்கள் இருட்டில் சத்தத்தை வைத்தே சொல்வோம். 2013 இல் புதிய பாலம் வந்த பிறகு அந்தத் தேவை போய்விட்டது. நிலாக் காலத்தில் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியை வாவிக்குள் விட்டு மறு நுனியில் காதை வைத்து மீன் பாடுகிறதா என்று கேட்கிற ஊர் நமது ஊர். காதை நம்பாதீர்கள் என்று இந்த ஊர் மனிதர்களிடம் நான் எப்படிச் சொல்வேன்?

2022 இல் தட்டுப்பாட்டால் பெற்றோல் வரிசை நீண்டபோது, மாமரத்தடியில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களை எல்லாம் என் கடைக்குக் கொண்டுவந்தார்கள். ஆசிரியர்கள், வங்கியில் வேலை செய்கிறவர்கள், தாதிமார் என்று நிறையப் பேர் மறுபடி மிதிக்கத் தொடங்கினார்கள். அவர்களில் பலர் இன்றும் விடவில்லை. நிறுத்திவைத்திருந்த கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது. அதற்குப் பிறகு மின்சாரக் கார்களும் கண்ணுக்கு அடிக்கடி படுகின்றன. எனக்கு அந்த வண்டிகள் மீது வெறுப்பே இல்லை. கடை வாசலில் நாள் முழுக்கப் புகை குடிக்கிறவன் நான், புகையில்லாத வண்டியை ஏன் வெறுக்கப்போகிறேன்?

என் கேள்விகள் இவை. இந்தக் கார்களில் மெதுவாகப் போகும்போது ஒலி எழுப்பும் கருவி இருக்கிறது என்கிறார்கள். உண்மையா? உண்மையென்றால் பெரியவருக்கு ஏன் கேட்கவில்லை? சைக்கிளுக்குக் கண்ணாடி பூட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா, உதவுகிறதா? பின்னால் வருகிறவர் ஹோர்ன் அடிப்பது நல்லதா, அல்லது திடுக்கிட்டு விழ வைக்குமா?

காத்தான்குடி வாகன மின்வேலை:

அண்ணன், அந்தப் பெரியவர் விரைவில் குணமடைய துஆச் செய்கிறேன். எங்கள் பட்டறையில் பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடுகிற ஹைபிரிட் வாகனங்களும் மின்சாரக் கார்களும் வருவதால், முதல் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம்.

கருவி இருப்பது உண்மை. முன்பம்பருக்கு உள்ளே, உள்ளங்கை அளவில், கறுப்புப் பிளாஸ்டிக் மூடியோடு ஒரு சிறிய ஒலிபெருக்கி. கார் மெதுவாக ஊர்ந்தால் அது ஒரு வகை 'ஊ' என்ற இரைச்சலைக் கொடுக்கும், வேகம் கூடக்கூட அந்தச் சுருதியும் ஏறும். கண் பார்க்காதவருக்கும் வண்டி வேகமெடுக்கிறதா, தணிகிறதா என்று விளங்குவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஜப்பான் 2010 இலேயே இதற்கு வழிகாட்டல் வெளியிட்டது. ஐக்கிய நாடுகளின் 138 ஆம் இலக்க ஒழுங்குவிதி 2016 இல் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஜூலையிலிருந்து புதிய மாதிரிகளுக்கும், 2021 ஜூலையிலிருந்து விற்கும் புதிய மின்சார, ஹைபிரிட் கார்கள் எல்லாவற்றுக்கும் கட்டாயமாக்கியது.

இப்போது அந்த ஒலி எவ்வளவு என்று பாருங்கள். காரின் நடுக்கோட்டிலிருந்து 2 மீற்றர் தள்ளி அளக்கும்போது, 10 கிலோமீற்றர் வேகத்தில் 50 டெசிபெல், 20 கிலோமீற்றர் வேகத்தில் 56 டெசிபெல். இவை குறைந்தபட்ச அளவுகள். நாம் இருவர் பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேசுவதே ஏறக்குறைய 60 டெசிபெல் இருக்கும். வெளியான இடத்தில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். அப்படியென்றால் 16 மீற்றர் பின்னால் 20 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற காரின் ஒலி உங்கள் காதுக்கு வரும்போது 38 டெசிபெல்தான். அந்த 16 மீற்றரை அது 3 விநாடிகளில் கடந்துவிடும். பெரியவருக்கு 3 விநாடி போதாது, அதுவும் பெட்டி நிறைய மீனோடு.

இன்னொன்று. 20 கிலோமீற்றருக்கு மேல் போனால் இந்த ஒலி தேவையில்லை என்று அந்த விதி விட்டுவிடுகிறது. அதற்கு மேல் டயரும் காற்றும் எழுப்பும் சத்தமே போதும் என்ற கணக்கு. மின்சார மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் ஆகியவை இந்த 138 இல் அடங்கவே மாட்டா. அது கார், வான், பஸ், லொறி வகைகளுக்கு மட்டும்.

நான் கையால் தொட்டுப் பார்த்த ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். முன்பம்பரை ஒருமுறை கழற்றிப் பூட்டிய வாகனங்களில் இந்த ஒலிபெருக்கியின் செருகியை மறுபடி மாட்டாமல் விட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மாரியில் வெள்ளத்துக்குள் ஓடிய ஒரு காரில் செருகியின் பித்தளை முள்கள் பச்சையாகப் பூத்துப்போயிருந்தன. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டுகிற உரிமையாளருக்கு ஒலி நின்றதே தெரியாது. பழைய மாதிரிகள் சிலவற்றில் ஒலியை நிறுத்தும் பொத்தானும் இருந்தது. ஐ.நா. விதியின் பிந்திய பதிப்பு அந்தப் பொத்தானைத் தடைசெய்திருக்கிறது. கார் வைத்திருக்கிறவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் ஒருவரை மெதுவாக ஓட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் மதிலோரம் நின்று கேளுங்கள். ஒன்றும் கேட்கவில்லை என்றால் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பெரும்பாலும் செருகி வேலைதான், பெரிய செலவு இராது.

வெள்ளைப் பிரம்பு, ஆரையம்பதி:

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. கைபேசி வாசித்துக் காட்ட இதை எழுதுகிறேன். சைக்கிள் திருத்தும் ஐயா எழுதியதை இரண்டு முறை கேட்டேன்.

நான் பெருவீதியைக் கடப்பது இப்படித்தான். பிரம்பு நுனி வீதியின் ஓரத்து விளிம்பைத் தொட்டதும் நின்றுவிடுவேன். முதலில் வலப்பக்கக் காது. தூரத்து வாகனம் முதலில் ஒரு மெல்லிய இரைச்சலாக வரும், பிறகு அதற்குள் இயந்திரத்தின் அடி கேட்கும், கடைசியில் டயரின் உரசல். இந்த மூன்றும் எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளியில் வருகின்றன என்பதுதான் எனக்குத் தூரமும் வேகமும். மின்சாரக் காரில் நடுவிலுள்ள அடி இல்லை. இரைச்சலும் உரசலும் ஒன்றாகவே வருகின்றன, அவை வரும்போது கார் என் முன்னால் நிற்கிறது.

ஓடுகிற காரைவிட எனக்குப் பயம் நிற்கிற கார்தான். பெற்றோல் கார் இயங்கிக்கொண்டு நின்றால் அதன் துடிப்பை வைத்து, "இவர் புறப்படக்கூடும்" என்று ஒதுங்குவேன். மின்சாரக் கார் நிற்கும்போது சுவரைப் போல இருக்கிறது. போன வருடம் ஒரு கடை முன்னால் நின்ற காரின் பின்பக்கத்தைப் பிரம்பு தொட்டது. நிறுத்திவைத்த கார் என்று நினைத்துப் பின்னால் சுற்றிப் போகக் காலெடுத்தபோது அது பின்னுக்கு ஊர்ந்தது. பக்கத்துக் கடைக்காரர் என் சட்டையின் கழுத்தைப் பிடித்து இழுத்தார். அந்தக் கொலர் கிழிந்த சட்டையை இன்றும் எறியாமல் வைத்திருக்கிறேன்.

காத்தான்குடிச் சகோதரர் சொன்ன ஐ.நா. விதி, நிற்கும் வண்டி ஒலி எழுப்ப வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. அமெரிக்க விதியில் அது உண்டு: கார் நிறுத்தநிலைக் கியரில் இல்லாவிட்டால், அசையாமல் நின்றாலும் ஒலிக்க வேண்டும். 30 கிலோமீற்றர் வேகம் வரைக்கும் ஒலிக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய விதி. பார்வையற்றோர் அமைப்புகள் அங்கே பல வருடங்கள் வாதாடியதற்குப் பிறகு 2011 ஜனவரியில் கையொப்பமான சட்டத்தின் கீழ் வந்தது அது. இங்கே மார்கழியில் கடல் இரையும்போது, மழை தகரக் கூரையில் கொட்டும்போது, பஸ்ஸின் சத்தமே பாதி அமுங்கிப்போகும். அந்த மாதங்களில் நான் தனியாகக் கடப்பதை நிறுத்திவிட்டேன். யாராவது வரும்வரை ஓரத்தில் நிற்பேன். சில நாள் கால் மணி நேரம்.

ஓட்டுநர்களிடம் ஒன்று கேட்கிறேன். பிரம்போடு ஓரத்தில் நிற்கிற ஒருவரைக் கண்டு நீங்கள் நிறுத்தினால், கையைக் காட்டாதீர்கள், எனக்குத் தெரியாது. கண்ணாடியை இறக்கி, "போங்கள்" என்று வாயால் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று மின்கார்:

நான் மின்சாரக் கார் வைத்திருக்கிறவன். பெரியவருக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் பேச்சு ஒரு பக்கமாகவே போவதுபோல் எனக்குப் படுகிறது. ஒரு விபத்தை வைத்து வண்டியைக் குற்றம் சொல்லலாமா? மாலையில் அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வரை வந்து பாருங்கள். விளக்கில்லாத சைக்கிள், பின்னால் சிவப்பு வில்லைகூடக் கிடையாது. காதில் இயர்போன் செருகிய பையன்கள் மூன்று பேர் சமாந்தரமாகப் போகிறார்கள். நான் என்ன சத்தம் எழுப்பினாலும் அவர்களுக்குக் கேட்காது. கைகாட்டாமல் திடீரென வலப்பக்கம் வெட்டுகிற ஒருவரை டீசல் வானும்தான் இடிக்கும். மின்சார வண்டியால் விபத்துக் கூடுகிறது என்பதற்கு ஆதாரம் ஏதாவது உண்டா?

நான் செய்வதையும் சொல்கிறேன். ஒழுங்கைக்குள் நுழைந்தால் கண்ணாடியை இறக்கிவிடுவேன், 20 ஐத் தாண்ட மாட்டேன். சைக்கிளை முந்துவதென்றால் குறைந்தது ஒன்றரை மீற்றர் இடம் கிடைக்கும்வரை பின்னாலேயே போவேன். ஹோர்ன் அடிப்பதென்றால் தூரத்தில் வைத்தே ஒரு சின்ன அழுத்து. பக்கத்தில் போய் அடித்தால் ஆள் வீதிக்குள்ளேயே சாய்வார்.

காத்தான்குடி வாகன மின்வேலை:

ஆதாரம் கேட்டீர்கள். 2024 இல் இலண்டனில் உள்ள சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் ஒன்றை வெளியிட்டார்கள். பிரித்தானியாவில் 2013 முதல் 2017 வரை வாகனம் மோதிய பாதசாரிகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 10 கோடி மைல் ஓட்டத்துக்கு மின்சார, ஹைபிரிட் கார்கள் மோதியது 5.16 பேரை, பெற்றோல், டீசல் கார்கள் மோதியது 2.40 பேரை. இரண்டு மடங்குக்கு மேல். நகரப்புறங்களில் வித்தியாசம் இன்னும் கூர்மையாக இருந்தது.

உங்கள் பக்க நியாயம் ஒன்றும் இதற்குள் இருக்கிறது. அந்த வருடங்கள் ஐரோப்பாவில் ஒலிக்கருவி கட்டாயமாவதற்கு முந்தியவை. ஆகவே இன்றைய புதிய காருக்கு அந்த எண்ணை அப்படியே ஒட்டக் கூடாது. ஆனால் நம் வீதிகளில் ஓடுகிற ஹைபிரிட்களில் எத்தனை அந்தக் காலத்தில் செய்தவை என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் பட்டறைக்கு வருகிறவற்றில் முக்கால்வாசி அந்த வயதுதான்.

கல்லடி சைக்கிள் திருத்துநர்:

எல்லோருக்கும் மனதார நன்றி. இரண்டு நாட்களாக வேலைக்கிடையில் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

அக்கரைப்பற்றுத் தம்பி, நீங்கள் ஒன்றரை மீற்றர் விட்டுக் காத்திருப்பது பெரிய காரியம், உங்களைப்போல் எல்லோரும் ஓட்டினால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். விளக்கில்லாத சைக்கிள் பற்றிச் சொன்னதும் சரி. நானே பின்விளக்கு இல்லாத சைக்கிளைத் திருத்திக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், அதை இனிச் செய்ய மாட்டேன். இயர்போன் விடயத்திலும் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் பெரியவரின் காதில் ஒன்றும் இருக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பையன்களையும் அவரையும் ஒரே வரியில் வைப்பது எனக்கு வலிக்கிறது.

நேற்று நானே ஒரு சோதனை செய்தேன். அயல்வீட்டுத் தம்பியிடம் ஒரு ஹைபிரிட் கார் உண்டு. காபெட் என்கிற வழுவழுப்பான தார் போட்ட எங்கள் உள்வீதியில் பின்னேரம் ஆள் நடமாட்டம் குறைந்த நேரம் பார்த்து, ஒரு காலைத் தரையில் ஊன்றிச் சைக்கிளில் உட்கார்ந்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டேன். மகன் என் தோளைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றான். எனக்குக் கேட்கத் தொடங்கியதும் நான் கையை உயர்த்துவது, தம்பி அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்துவது, என் மனைவி அங்கிருந்து என்வரை பாதத்தோடு பாதம் வைத்து அடி எண்ணுவது என்று ஏற்பாடு. முதலில் முச்சக்கர வண்டி. அது சந்தியில் திரும்பும்போதே கையை உயர்த்திவிட்டேன், எண்ண வேண்டிய தேவையே வரவில்லை. பிறகு கார், பற்றரியில் மட்டும், 10 கிலோமீற்றர் வேகத்தில். நான் கையை உயர்த்தியபோது 11 அடி. மறுபடி செய்தோம், 9 அடி. மூன்றாம் முறை பக்கத்து வளவில் ஒருவர் தேங்காய் மட்டை உரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்குள் 5 அடி. சாய்ந்து கையை நீட்டினால் கிட்டத்தட்டப் பம்பரைத் தொடுகிற தூரம்.

அதற்குப் பிறகு காபெட் போடாத பக்கத்து ஒழுங்கைக்குப் போனோம், அங்கே இன்னும் கிரவல்தான். அதே கார், அதே வேகம். 34 அடியிலேயே டயருக்குக் கீழே கல் நொறுங்குவது தெளிவாகக் கேட்டது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நம் வீதிகளுக்குக் காபெட் போட்டபோது நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம், சைக்கிள் மிதிப்பது பாதி இலகுவாயிற்று. டயரின் சத்தத்தையும் அதே காபெட் வாங்கிக்கொண்டுவிட்டது. இப்போது இயந்திரமும் மௌனம் என்றால் காதுக்கு மிச்சம் என்ன? இவ்வளவும் நான் அசையாமல் உட்கார்ந்து கேட்டது. மிதித்துக்கொண்டு போகும்போது காதோரம் காற்று இரையும், எதிர்க்காற்றென்றால் பின்னாலிருந்து வருகிற சத்தம் வந்து சேராது.

ஆரையம்பதித் தம்பி, உங்கள் சட்டையைப் பற்றி வாசித்தபோது கையிலிருந்த சாவியைக் கீழே வைத்துவிட்டேன். நீங்கள் சொன்ன மூன்று சத்தங்களின் வரிசையை நானும் 34 வருடம் கேட்டிருக்கிறேன், ஆனால் ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

காரைதீவு ஆசிரியை:

அண்ணா, பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுதுங்கள். ரியூசன் முடிந்து மாலை ஆறரைக்கு 30 சைக்கிள்கள் ஒரே நேரத்தில் ஒழுங்கையிலிருந்து பெருவீதிக்கு ஏறுகின்றன. பேசிக்கொண்டே வருவார்கள், தங்கள் பேச்சுக்கு மேல் கேட்கிற சத்தத்துக்கு மட்டும்தான் ஒதுங்குவார்கள். இந்தப் பதிவை வாசித்த பிறகு திங்கட்கிழமை வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தேன். ஹாண்டிலை ஆட்டாமல் வலத்தோளுக்கு மேலால் பின்னால் பார்ப்பது. விளையாட்டுத் திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதன் மேல் ஓட்டிக்கொண்டே, பின்னால் நான் எத்தனை விரல் காட்டுகிறேன் என்று சொல்லச் சொன்னேன். 22 பிள்ளைகளில் 6 பேர்தான் கோட்டை விட்டு விலகாமல் பார்த்தார்கள். மற்றவர்கள் பார்க்கும் பக்கமே சைக்கிளும் போயிற்று. ஒரு வாரத்தில் பாதிப் பேருக்குப் படிந்துவிட்டது, ஆகவே பழக்கினால் வரும்.

இன்னொரு கவலை கதிர்காமப் பாதயாத்திரை. விடியுமுன்னரே எங்கள் ஊரைத் தாண்டித் திருக்கோவில் பக்கமாக நடக்கிற அடியார்கள், வயதான அம்மாமார், வீதியின் ஓரத்தில் அரோகரா சொல்லிக்கொண்டே போகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் வருகிறவர் ஓட்டுகிற வண்டி மின்சாரமானால், அந்த நேரத்தில் முழுப் பொறுப்பும் ஓட்டுகிறவருடைய கண்ணுக்கே வந்துவிடுகிறது.

கல்லடி சைக்கிள் திருத்துநர்:

தங்கச்சி, சுண்ணாம்புக் கோட்டுப் பயிற்சி அருமை. கடைக்கு வருகிற பிள்ளைகளுக்கும் வாசலில் செய்யச் சொல்லப்போகிறேன். இருக்கை அளவுக்கு மேல் உயர்ந்திருந்தாலும், முன்கவையின் தலைக்குண்டு இறுகியிருந்தாலும் திரும்பிப் பார்க்கும்போது சைக்கிள் இழுக்கும். அந்த 16 பிள்ளைகளின் சைக்கிள்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள், எல்லாம் பிள்ளையின் பிழையாக இராது.

கண்ணாடி பற்றி யாரும் எழுதாததால் நானே பூட்டிப் பார்த்தேன். மோட்டார் சைக்கிள் கண்ணாடியைத் தாங்கும் பிடிப்பான் 22 மில்லிமீற்றர் ஹாண்டிலுக்கானது. நமது பெரிய சைக்கிளின் ஹாண்டிலும் அதே தடிப்பு, ஆகவே அப்படியே ஏறுகிறது. இடைஞ்சல் கம்பி பிரேக் உள்ள பழைய சைக்கிளில்தான், பிரேக் பிடி அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிடிப்பானை நடுப்பக்கமாகத் தள்ளிப் பூட்டி, தண்டைக் கொஞ்சம் நீளமாக எடுக்க வேண்டும். நம் வீதியில் முந்துகிறவர் வலப்பக்கத்தால் வருவார், ஆகவே வலப்பக்கத்துக்கு ஒன்று போதும். குவிந்த கண்ணாடியில் வண்டி இருப்பதைவிடத் தூரமாகத் தெரியும். கண்ணாடியில் பார்த்த பிறகும் திரும்புவதற்கு முன் தோளுக்கு மேலால் ஒரு பார்வை வேண்டும் என்று பூட்டும் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

பெரியவரின் சில்லு நேராகிவிட்டது. கரியரை ஒட்டி, பின்னால் சிவப்பு வில்லையும் விளக்கும் போட்டாயிற்று. கண்ணாடி வேண்டாம், மீன்பெட்டிதான் தெரியும் என்றார். உண்மைதான், பெட்டி பாதியை மறைத்தது. தண்டை நான்கு விரற்கடை வெளியே தள்ளியதும் பெட்டியின் விளிம்புக்கு அப்பால் வீதி முழுவதும் தெரிந்தது. ஏறி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

காத்தான்குடித் தம்பி, வருகிற ஞாயிறு காலை 7 மணிக்கு உங்களிடம் ஒலிக்கருவி சரியாக இயங்குகிற கார் ஒன்று இருந்தால் கல்லடிக்குக் கொண்டுவாருங்கள். ஆரையம்பதித் தம்பியையும் வரச் சொல்லியிருக்கிறேன், என் காதைவிட அவர் காது துல்லியம். அக்கரைப்பற்றுத் தம்பியும் தன் காரோடு வருவதாகத் தனியாக எழுதியிருக்கிறார். கருவியோடு ஒருமுறை, கருவியைக் கழற்றி ஒருமுறை, காபெட்டில், கிரவலில் என்று அடி எண்ணிப் பார்ப்போம். தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று வீசினால் இன்னும் நல்லது, காற்றுக்கு எதிரேயும் பார்த்துவிடலாம். எண்ணிக்கை எல்லாவற்றையும் அன்று மாலையே இங்கே எழுதுகிறேன்.